மூலமும் உரையும்: ஒளிப்படக்கலையில் தாளின் இடம்

ஒரு கலைப்படைப்பினை மதிப்பிடப் புகுவோர், அப்படைப்பு எப்பொருளினால் ஆக்கப்பட்டது என்னும் வினாவைப் பெரும்பாலும் தொழில்வினைஞர்க்கே உரியதெனத் தள்ளிவிடுவது வழக்கம். சிற்பத்தைப் பொறுத்தவரை இத்தவறு அதிகம் நிகழ்வதில்லை. பல்லவர் காலச் சிற்பி பாறையைக் குடைந்தான், சோழர் காலச் சிற்பி மெழுகிற் செய்து உலோகத்தில் வார்த்தான் என்னும்போது, அவ்வேறுபாடு வடிவத்தையும் பொருளையும் எவ்வாறு மாற்றியது என்றே அடுத்து வினவுகின்றோம். ஒளிப்படத்தைப் பொறுத்தவரையோ நிலைமை வேறு. எதைப் படம்பிடித்தார், எக்கோணத்தில் நின்று பிடித்தார், எக்கணத்திற் பிடித்தார் என்பவற்றோடு நமது விசாரணை முடிந்துவிடுகின்றது. அப்படம் ஒரு தாளின்மேல் இருக்கின்றது என்பதையும், அத்தாளை ஒருவர் பல தாள்களிலிருந்து தேர்ந்தெடுத்தார் என்பதையும் நாம் காண்பதில்லை. சாளரத்தினூடாகப் பார்ப்பவன் கண்ணாடியைக் காணாததுபோலவே தாளினூடாகப் பார்த்துச் செல்கின்றோம்.

இக்குறைபாட்டிற்கு இரு திசைகளிலிருந்து ஆதரவு கிடைத்து வந்துள்ளது. உள்ளடக்கமே முதன்மையானது என வற்புறுத்தும் விமர்சகர் சிலர், தாள் பற்றிய பேச்சினை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கென ஒதுக்கினர். பசித்தவனின் முகத்தைக் காட்டும் படத்திற்கு எத்தாள் இருந்தால் என்ன என்பது அவர்கள் கேள்வி. இதற்கு நேர்மாறாக, நேர்த்தியான படிகளைச் சேகரிப்போரும் விற்போரும் தாளையே தெய்வமாக்கினர். கருமையின் ஆழம், வெண்மையின் ஒளிர்வு, மேற்பரப்பின் மென்மை என்பவற்றைப் பற்றி அவர்கள் பேசும்போது, படத்திலுள்ள மனிதன் எங்கோ மறைந்துபோகின்றான். முதற்சாரார்க்குத் தாள் ஒன்றுமில்லை. இரண்டாஞ்சாரார்க்குத் தாளே எல்லாம். இருவரும் கேளாத கேள்வி ஒன்றுண்டு: குறிப்பிட்ட இத்தாள் குறிப்பிட்ட இப்படத்தில் என்ன சொல்கின்றது? கறுப்பு வெள்ளை ஒளிப்படத்தை முன்வைத்து அக்கேள்வியை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞரான அன்ஸல் அடம்ஸ் (1902–1984) இளமையிற் பியானோ பயின்றவர். ஆதலால் நெகற்றிவ் என வழங்கும் எதிர்மறையை இசைக்குறிப்பிற்கும், அதிலிருந்து தாளிற் பெறும் படியை இசைநிகழ்த்துகைக்கும் ஒப்பிடுவது அவர் வழக்கம். நமது மரபில் இதனினும் நெருங்கிய உவமை ஒன்று உண்டு. எதிர்மறை மூலம், படி அதற்கு எழுந்த உரை. ஒரே குறளுக்கு மணக்குடவர் ஒரு பொருளும் பரிமேலழகர் வேறொரு பொருளும் கண்டனர். இருவரும் மூலத்தின் எழுத்தை மாற்றவில்லை. எதை அழுத்துவது, எதைத் தணிப்பது, எச்சொல்லை எதனோடு கூட்டுவது என்பதிலேயே வேறுபட்டனர். இருட்டறையில் நிற்பவரும் அதனையே செய்கின்றார். அவருடைய அழுத்தமும் தணிவும் முதன்முதலில் வெளிப்படுவது தாளைத் தெரிவுசெய்யும் செயலிலேயாகும். ஆகவே தாளைத் தெரிதல் தொழில்நுட்பச் செயலாக இருக்கும்போதே விமர்சனச் செயலாகவும் உள்ளது என்பது நமது துணிபு.

இதனை நிறுவுவதற்குத் தாளின் அமைப்பினை ஓரளவு அறிதல் வேண்டும். வழக்கமான நாரிழைத் தாள் நான்கு படைகளைக் கொண்டது. அடியில் தூய நார்க்கூழினாற் செய்த கடுதாசி. அதன்மேல் ஜெலற்றினிற் கலந்த பேரியஞ் சல்பேற்றுப் பூச்சு. பரீற்றா என வழங்கும் இவ்வெண்பூச்சே படத்தின் வெண்மைக்குக் காரணம். நாரிழைகளுக்குள் படம் இறங்கிவிடாது தடுப்பதும் இதுவே. அதற்கும் மேலே வெள்ளி உப்புகள் ஜெலற்றினிற் கலந்த குழம்பு. எல்லாவற்றுக்கும் மேலே உராய்விலிருந்து காக்கும் மெல்லிய ஜெலற்றின் படை. குழம்பிலுள்ள உப்பு வெள்ளிக்குளோரைட்டாயின் தாள் ஒளிக்கு மெதுவாக இசைந்து, எதிர்மறையை நேரே தாளோடு ஒட்டவைத்துப் பதிக்கும் முறைக்கு ஏற்றதாகின்றது. வெள்ளிபுரோமைட்டாயின் விரைவாக இசையும். உருப்பெருக்கியின் மங்கிய ஒளிக்கு அதுவே பொருந்தும். அதன் கருமை குளிர்ந்த கருமை. இரண்டும் கலந்த குளோரோபுரோமைட்டுத் தாள், உருவாகும் வெள்ளி மணிகள் நுண்ணியனவாக இருத்தலால், கபிலச் சாயல் கலந்த கருமையைத் தரும். இரசாயனம் இங்கே நிறமாகின்றது, நிறம் மனநிலையாகின்றது.

மேற்பரப்பின் தன்மை இதனினும் முக்கியமானது. மினுக்குத் தாளின் மிகக் கரிய பகுதி, தன்மேற் படும் ஒளியில் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கை மட்டுமே திருப்பியனுப்புகின்றது. மினுக்கற்ற தாளின் மிகக் கரிய பகுதியோ நூற்றில் இரண்டு அல்லது மூன்று பங்கைத் திருப்பியனுப்பும். சொரசொரப்பான மேற்பரப்பு ஒளியைப் பல திசையிலும் சிதறச் செய்வதே இதற்குக் காரணம். நூற்றிலொன்று, நூற்றில் மூன்று என்னும் வேறுபாடு எண்ணளவிற் சிறிதாகத் தோன்றலாம். கண்ணுக்கோ அது நள்ளிரவுக்கும் அந்திக்கும் உள்ள வேறுபாடாகும். இவற்றோடு முரண்தரமும் உண்டு. 0 முதல் 5 வரை எண்ணிடப்படும் தாள்களில் 2 இயல்பானது; எண் குறையக் குறைய இடைச்சாயல்கள் பெருகும், கூடக் கூடக் கருமையும் வெண்மையும் மட்டும் எஞ்சும். 1940இல் இல்போட் நிறுவனம் அறிமுகஞ்செய்த மல்ற்றிகிறேட் தாள், வடிகட்டியின் நிறத்தை மாற்றுவதன்மூலம் ஒரே தாளிற் பல முரண்தரங்களைப் பெறும் வழியைத் திறந்தது.

சொந்த அனுபவம் ஒன்றினை ஈண்டுக் குறிப்பிடுதல் பொருந்தும். பல ஆண்டுகளுக்கு முன், வாடி ஒன்றின் முன்னாலிருந்து வலை தைக்கும் முதியவர் ஒருவரைப் படம்பிடித்திருந்தேன். நண்பகல் வெயில், அவர் முகம் பாதி நிழலில். அவ்வெதிர்மறையை முதலில் 4ஆம் தர மினுக்குத் தாளிற் பதித்தேன். நெற்றிச் சுருக்கங்கள் உளியாற் செதுக்கியவைபோல எழுந்தன. நிழற்பாதி முழுக் கருமையாயிற்று. பார்த்தோர் அனைவரும் "என்ன முகம்!" என்றனர். பின்னர் ஒருநாள் கையிலிருந்த 2ஆம் தரத் தாளில், மினுக்கற்ற கபிலச் சாயற் தாளில், அதனையே பதிக்க நேர்ந்தது. முகத்தின் கூர்மை தணிந்தது. ஆனால் முன்னைய படியிற் கருமைக்குள் மறைந்திருந்த கைகள் வெளிப்பட்டன. விரல்களிடையே வலையின் கண்ணிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பார்த்தோர் இம்முறை, "எவ்வளவு நேரம் இப்படி இருந்து தைப்பார்?" என்று கேட்டனர். முதற்படி ஒரு முகத்தைக் காட்டியது. இரண்டாம் படி ஓர் உழைப்பினைக் காட்டியது. எதிர்மறை ஒன்றே, மனிதரும் ஒருவரே. மாறியது தாள், தாளோடு மாறியது பொருள். உள்ளடக்கம் முக்கியமாதலாற் தாள் முக்கியமன்று என்னும் வாதம் அன்றோடு எனக்குப் பொருளற்றதாயிற்று. உள்ளடக்கம் முக்கியமாதலாலேயே தாள் முக்கியமாகின்றது.

வரலாற்றிலிருந்து சில சான்றுகளை நோக்குவோம். 1873இல் இங்கிலாந்தில் வில்லியம் வில்லிஸ் என்பார் பிளாற்றினத் தாளுக்கு உரிமம் பெற்றார். இத்தாளிற் குழம்புப் படை இல்லை; பிளாற்றினத் துணிக்கைகள் நாரிழைகளுக்குள்ளேயே படிகின்றன. மினுக்கம் இல்லை, மிக ஆழ்ந்த கருமையும் இல்லை. ஆனால் வெளிச்சத்திற்கும் நிழலுக்கும் இடையே இத்துணைச் சாயல்கள் உளவோ என வியக்குமளவு நீண்ட, மென்மையான வரிசை உண்டு. இலண்டனிற் புத்தக வியாபாரியாக இருந்து ஒளிப்படக் கலைஞரான பிரெடெரிக் எவன்ஸ் (1853–1943) இத்தாளையே தம் மொழியாகக் கொண்டார். வெல்ஸ் பேராலயத்தின் தேய்ந்த கற்படிக்கட்டுகள் அலைபோல ஏறிச்செல்லும் அவருடைய 1903ஆம் ஆண்டுப் படம் உலகப் புகழ் பெற்றது. அப்படத்திற் கல் கனமற்றதாகின்றது; சாளரத்தினூடாக வரும் ஒளி கல்லின்மேல் விழாமற் கல்லுக்குள்ளிருந்து கசிவதுபோலத் தோன்றுகின்றது. மினுக்குத் தாளில் இவ்வனுபவம் பிறந்திருக்க முடியாது. முதலாம் உலகப்போர்க் காலத்திற் பிளாற்றினத்தின் விலை ஏறியது. அவ்வுலோகத்தின் பெரும்பகுதி உருசியாவிலிருந்தே வந்தது. இரசாயனத் தொழிலுக்கும் அது தேவைப்பட்டது. கொடக் நிறுவனம் 1916இல் பிளாற்றினத் தாள் உற்பத்தியை நிறுத்தியது. வேறு தாளிற் தம் படங்களைப் பதிக்க மனமொவ்வாத எவன்ஸ் ஒளிப்படத் தொழிலையே கைவிட்டார். ஒரு கலைஞனின் மௌனத்துக்கு உலோகச் சந்தை காரணமாயிற்று என்பது கலை வரலாற்றாசிரியர்கள் மனங்கொள்ள வேண்டிய செய்தியாகும்.

பிளாற்றினத்தின் மென்மைக்கு எதிராக எழுந்த இயக்கமும் தாளின் வழியாகவே தன்னை வெளிப்படுத்தியது. எட்வேட் வெஸ்டன் (1886–1958) மெக்சிக்கோவில் வாழ்ந்த காலத்திற் பிளாற்றினம், பலேடியம் ஆகிய மினுக்கற்ற தாள்களையே பயன்படுத்தினார். 1930 அளவில் மினுக்கான வெள்ளித் தாளுக்கு மாறினார். குடைமிளகாய் ஒன்றினை மனித உடலின் முறுக்கத்தோடு காட்டும் அவருடைய புகழ்பெற்ற படம் அவ்வாண்டிற்குரியது. அன்ஸல் அடம்ஸின் மாற்றமும் ஏறத்தாழ இதே காலத்தில் நிகழ்ந்தது. 1930இல் வெளிவந்த அவருடைய தாவோஸ் புவெப்ளோ என்னும் நூலுக்கு, வில்லியம் டஸன்வில் என்பார் குழம்பு பூசித் தந்த மினுக்கற்ற தாளிற் படங்கள் பதிக்கப்பட்டன; 108 பிரதிகளே வெளியிடப்பட்டன. அதே ஆண்டிற் போல் ஸ்ராண்டின் எதிர்மறைகளைக் கண்ட அடம்ஸ், ஓவியத்தைப் பின்பற்றும் மென்மையைத் துறந்து, மழமழப்பான தாளுக்கு மாறினார். 1932இல் சான் பிரான்சிஸ்கோவில் இவ்விருவரும் நண்பர்களோடு அமைத்த எப்.64 குழுவின் கொள்கை, ஒளிப்படம் வேறெக்கலையையும் போலி செய்யலாகாது என்பதாகும். கூர்மையான வில்லை, குறுகிய துவாரம், மினுக்குத் தாள் ஆகிய மூன்றும் அக்கொள்கையின் மூன்று கருவிகள். தாளின் சொரசொரப்பு ஓவியத் தாளினை நினைவூட்டுவதால் அது பொய் எனக் கருதப்பட்டது. இவ்வாறு தாளின் மேற்பரப்பு ஓர் அழகியற் கட்சியின் கொடியாக மாறியதைக் காண்கின்றோம்.

எனினும், மினுக்குத் தாள் "உள்ளதை உள்ளவாறு" காட்டுகின்றது என்னும் அக்கட்சியின் உரிமைகோரலை நாம் அப்படியே ஏற்றல் இயலாது. அடம்ஸின் சொந்தப் படமே இதற்குச் சான்று. 1941இல் நியூமெக்சிக்கோ மாநிலத்து ஹெர்னாண்டஸ் என்னுஞ் சிற்றூரில், சந்திரன் எழும் வேளையில் அவர் எடுத்த படம் ஒன்றுண்டு. மறையும் சூரியனின் கடைசி ஒளி கல்லறைச் சிலுவைகளின்மேற் படுகின்றது. ஊருக்கு அப்பால் மலை. மேலே வானும் சந்திரனும். தம் வாழ்நாளில் அவர் இதனை 1,300க்கும் மேற்பட்ட தடவை பதித்தார் என்பர். தொடக்ககாலப் படிகளில் வானம் நரையாக, முகிற்கீற்றுகள் ஓடுவதாக உள்ளது. 1948இல் எதிர்மறையின் கீழ்ப்பகுதியை இரசாயன முறையில் வலுப்படுத்தினார். பிற்காலப் படிகளில் வானம் ஏறத்தாழ முழுக் கருமை. முதற்படிகளில் நாம் காண்பது ஓர் ஏழைச் சிற்றூரின் மாலைப்பொழுது. பிற்காலப் படிகளிற் காண்பது பிரபஞ்சத்தின் முன் ஒடுங்கிய மனித வாழ்வு. இரண்டுமே சிறந்தவை, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பிந்தியதே புகழ் பெற்றது என்பதனால் முந்தியது பொய்யாகிவிடாது.

பில் பிராண்ட் (1904–1983) பற்றிய செய்தி இதனினும் சிந்தனைக்குரியது. 1930களில் இங்கிலாந்தின் வர்க்க வேறுபாட்டினை அவர் படம்பிடித்தார். 1936இல் வெளியான அவருடைய முதல் நூல் செல்வரையும் வறியரையும் அருகருகே நிறுத்தியது. 1937இல் ஜாரோ என்னும் ஊரில், கழிவுக் குவியலிற் பொறுக்கிய நிலக்கரியை மூட்டையாகக் கட்டிச் சைக்கிளில் ஏற்றித் தள்ளிச்செல்லும் வேலையற்ற தொழிலாளியை எடுத்த படம் அக்காலத்தின் சாட்சியமாகும். பிற்காலத்தில் அவர் தம் பழைய எதிர்மறைகளை எல்லாம் உயர் முரண்தரத் தாளில், கடுங்கறுப்பும் கடுவெள்ளையுமாக மீண்டும் பதிக்கலானார். இடைச்சாயல்கள் ஒடுங்கின. இடைச்சாயல்களில் இருந்தவை யாவை? சுவரின் கறை, துணியின் கிழிசல், நிலத்தின் சேறு. மனிதனை ஒரு குறிப்பிட்ட இடத்திற்கும் காலத்திற்கும் உரியவனாக்கும் விபரங்கள் அவை. அவை கருமைக்குள் மூழ்கும்போது, வேலையற்ற தொழிலாளி காலங்கடந்த துயரத்தின் குறியீடாக உயர்கின்றான்; அவ்வுயர்ச்சியின் விலையாகத் தன் வரலாற்றை இழக்கின்றான். பிராண்டின் பிற்காலப் படிகளின் வரைவியல் ஆற்றலை நான் மறுக்கவில்லை. கலைஞன் தன் மூலத்துக்குத் தானே புதிய உரை எழுதும் உரிமையும் அவனுக்கு உண்டு. ஆனால் விமர்சகன் எவ்வுரையைப் படித்தான் என்பதைச் சொல்லாமல் மூலத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது முறையன்று.

தாளின் ஆயுள் பற்றியும் சில சொல்லவேண்டும். 1960களின் பிற்பகுதி தொட்டுக் கடுதாசியின் இருபுறமும் பொலித்தீன் பூசிய தாள்கள் சந்தைக்கு வரலாயின. நீர் நாருக்குள் இறங்காமையால் நான்கு நிமிடத்துக்குள் இவற்றைக் கழுவி முடிக்கலாம். நாரிழைத் தாளுக்கோ ஒரு மணித்தியாலம் வரை ஓடும் நீர் தேவை. பொலித்தீன் தாள் சுருளாது, விரைவில் உலரும். நாளிதழ் அலுவலகத்திற்கு இது வரப்பிரசாதமாக அமைந்தது. ஆனால் தொடக்ககாலத்துப் பொலித்தீன் தாள்கள் பல, சட்டமிட்டு வெளிச்சத்தில் தொங்கவிடப்பட்டபோது வெடிப்புற்றன. சிலவற்றில் வெள்ளி நிறம் மாறிற்று. பிற்காலத்தில் இக்குறை பெரிதும் திருத்தப்பட்டது. ஆயினும் நிலைபேறு கருதுவோர் இன்றும் நாரிழைத் தாளையும் செலனியச் சாயமூட்டலையுமே நாடுகின்றனர். நம்மைப்போன்ற வெப்பநாட்டவர்க்கு இங்கு வேறொரு சிக்கலும் உண்டு. கைந்நூல்கள் கூறும் வெப்பநிலை 20 பாகை செல்சியசு; நம் குழாய்நீரோ 28 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். ஜெலற்றின் இளகும், உருத்துலக்கி அவசரப்படும், உலர்ந்த படியைப் பூஞ்சணம் பற்றும். ஐரோப்பிய நூலில் "சிறந்த தாள்" எனப் புகழப்பட்டது நம் மழைக்காலத்திலும் சிறந்ததாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. குழம்பினை வன்மையாக்கும் நிலைநிறுத்தியும், பனிக்கட்டி இட்ட தொட்டியும், நீரை உறிஞ்சும் சிலிக்கா மணிகளும் நம் இருட்டறையின் இன்றியமையாத அங்கங்கள். பிறநாட்டுக் கொள்கைகளை அவை பிறந்த சூழலினின்று பிரித்தெடுத்து இங்கு நடுவோர்க்கு இதில் ஒரு பாடமுண்டு.

தாள் சாட்சி சொல்லும் ஆற்றலும் உடையது. அமெரிக்காவில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வதைபட்ட சிறுவர்களைப் படம்பிடித்துக் குழந்தைத் தொழிலுக்கு எதிரான போராட்டத்துக்குத் துணைநின்றவர் லூயிஸ் ஹைன் (1874–1940). அவருடைய கையொப்பத்துடன், அவர் காலத்துப் படிகள் என்ற பெயரில் விற்கப்பட்ட படிகள் சில 1990களின் பிற்பகுதியில் ஐயத்துக்குள்ளாயின. ஆய்வாளர் அவற்றைப் புறஊதாக் கதிரின்கீழ் வைத்தபோது அவை நீலமாக ஒளிர்ந்தன. அவ்வொளிர்வைத் தரும் வெண்மையூட்டிகள் ஒளிப்படத்தாளிற் சேர்க்கப்பட்டது 1950களிலேதான். ஹைனோ 1940இல் மறைந்தவர். தாள் பொய்யைக் காட்டிக்கொடுத்தது. இந்நிகழ்ச்சியில் முரண்நகை ஒன்றும் உண்டு. ஹைன் தம் படங்களை எடுத்தது துண்டுப்பிரசுரங்களுக்கும் சுவரொட்டிகளுக்கும் சட்டம் இயற்றுவோர் பார்வைக்குமாகும். மலிவான அச்சிற் பலர் கையில் உலாவ வேண்டிய படங்கள், அரிய தாளில் உள்ளன என்ற காரணத்தாற் பெருவிலை பெற்றன; பெருவிலை போலியை வரவழைத்தது. தாளை மதிப்பது ஒன்று, தாளின் அருமையை மதிப்பது வேறொன்று என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

எவன்ஸைப் பேசாதிருக்கச் செய்த சந்தை, நம் காலத்திலும் தன் வேலையைச் செய்துள்ளது. எண்முறை ஒளிப்படக்கருவி பரவியதோடு 2004இல் இல்போட் நிதிநெருக்கடியில் வீழ்ந்தது. அங்குப் பணியாற்றியோர் சிலர் 2005இல் அதனைப் பொறுப்பேற்று ஹாமன் என்னும் பெயரில் நடத்தலாயினர். 2005இலேயே கொடக் கறுப்பு வெள்ளைத் தாள் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அதே ஆண்டில் அக்பா ஒளிப்பட நிறுவனம் முறிவடைந்தது. ஒவ்வொரு தாளும் மறைந்தபோது, அத்தாளினால் மட்டுமே சொல்லக்கூடியதாயிருந்த ஏதோ ஒன்றும் மறைந்தது. ஆகையால் "தெரிவு" என்னும் சொல்லை நாம் மிகைப்படுத்தலாகாது. கலைஞன் தெரிவது, முதலாளி உற்பத்தி செய்வதற்கும் வணிகர் இறக்குமதி செய்வதற்கும் உட்பட்ட சிறு வட்டத்தினுள்ளேயாகும். ஒளிப்படத்தாளைக் கடல்கடந்தே பெற்றுவந்த நமது நாட்டில் அவ்வட்டம் இன்னுஞ் சிறியது. கிடைத்த தாளுக்கேற்ப எதிர்மறையை உருத்துலக்கும் கலையை நம்மவர் கற்றது வறுமையினாலாகும். எனினும் அவ்வறுமை அவர்களுக்கு ஒரு நுண்ணறிவையும் தந்தது.

இறுதியாக நம் நாட்டு வரலாற்றிற்கு வருவோம். இங்கிலாந்தின் பெயர்பெற்ற ஒளிப்படக் கலைஞரான ஜூலியா மார்கிரட் கமரன் 1875இல் இலங்கையிற் குடியேறி, 1879இல் இங்கேயே மறைந்தார். அவருடைய படிகள் பெரும்பாலும் முட்டை வெண்கரு பூசிய தாளில் அமைந்தவை. அத்தாள் காலப்போக்கில் மஞ்சளிக்கும், மங்கும். இலங்கைக்குப் புறப்படும் காலத்தில், அவர் தம் படங்கள் பலவற்றை மங்காத கரிப்பொடிச் சாயமுறையில் ஒரு நிறுவனத்தின்மூலம் பதிப்பிக்கச் செய்தார். தம் படைப்பு எத்தாளில் எதிர்காலத்தைச் சேரும் என்னும் கவலை அவருக்கு இருந்தது.

லயனல் வென்ட் (1900–1944) பொறுத்தவரை அக்கவலை ஒரு துன்பியலாகவே முடிந்தது. வழக்கறிஞராகவும் பியானோக் கலைஞராகவும் விளங்கி, 1934இன் இலங்கைப் பாட்டு என்னும் ஆவணப்படத்துக்குக் குரல் கொடுத்து, 1943இல் 43 குழு தோன்றுவதற்கு முன்னின்றவர் அவர். கடற்றொழிலாளர், உழவர், சிதைந்த கோயில்கள், ஆண் உடலின் வடிவங்கள் எனப் பலவற்றை அவர் படம்பிடித்தார். ஒளியை இடையிற் பாய்ச்சிச் சாயல்களைத் தலைகீழாக்கும் முறையையும், பல எதிர்மறைகளை ஒன்றாக்கும் முறையையும் இருட்டறையில் தம் கையாலேயே பரிசோதித்தார். அவர் மறைந்தபின் அவருடைய எதிர்மறைகள் அழிக்கப்பட்டன. அவர் படங்களைத் தாங்கிய நூல் 1950இல் இலண்டனில் வெளியாயிற்று; ஆனால் அது அவர் காணாத நூல்; அதன் தாளும் மையும் அவர் தெரிந்தவை அல்ல. ஆக இன்று எஞ்சியிருப்பவை அவர் கையாற் பதித்த படிகளே.

தகடூர் யாத்திரை என்னும் நூல் நமக்குக் கிடைக்கவில்லை. தொகைநூலொன்றிற் சேர்ந்தவையும் உரையாசிரியர் மேற்கோளாக எடுத்தாண்டவையுமான சில செய்யுள்களே எஞ்சின. மூலம் அழிந்தவிடத்து, அதனை ஏந்திய ஏடே மூலத்தின் இடத்தைப் பெறுகின்றது. வென்டின் நிலையும் அதுவே. அவர் படியொன்று பூஞ்சணத்தால் அழியுமானால், அதனை மீண்டும் பதிக்க எவராலும் இயலாது. ஒரு படியைப் படம்பிடித்துப் பெருக்கலாம்; அது உரைக்கு எழுந்த உரையாகவே இருக்கும். வென்ட் கிராமத்து உழைப்பாளியை அழகுபடுத்திக் காட்டினார், அவன் துயரை மறைத்தார் என்னும் குற்றச்சாட்டினை முற்போக்கு விமர்சகர் முன்வைப்பதுண்டு. அது விவாதிக்கத்தக்க குற்றச்சாட்டே. ஆனால் நம்மிற் பெரும்பாலோர் வென்டைக் கண்டது நூல்களிலும் சஞ்சிகைகளிலும் அச்சான மறுபதிப்புகளிலும், இப்போது கைத்தொலைபேசித் திரையிலுமே. நிழலிலுள்ள உடலில் எவ்வளவு விபரத்தை அவர் விட்டுவைத்தார், எவ்வளவைக் கருமையில் ஆழ்த்தினார் என்பதை அவர் தெரிந்த தாளில், அவர் பதித்த அளவிற் காணாமல், அக்குற்றச்சாட்டினை நிறுவுவதும் இயலாது, மறுப்பதும் இயலாது.

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவன இரண்டு. ஒளிப்படத்தை ஆக்குவோர்க்கு: எது சிறந்த தாள் என்னும் கேள்வி பிழையான கேள்வி. இப்படத்தில் எது சொல்லப்படவேண்டும், அதனைச் சொல்லவல்ல தாள் யாது என்பதே சரியான கேள்வி. அழுத்தமான கருமை ஒருவனுடைய கைகளை விழுங்குமாயின், அக்கருமை எத்துணைச் செழுமையானதாயினும் அவ்விடத்தில் அது குற்றமே. ஒளிப்படத்தை விமர்சிப்போர்க்கு: எப்படியைக் கண்டோம், எத்தாளில், எவ்வளவில், எவ்வாண்டிற் பதிக்கப்பட்டது என்பதைக் கூறும் ஒழுங்கினை நாம் மேற்கொள்ளல் வேண்டும். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்காட்டிப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த மண்ணினர் நாம். ஏட்டுக்குக் காட்டிய அக்கறையைத் தாளுக்கும் காட்டுதல் நமக்குப் புதிதன்று.

வலை தைத்த அம்முதியவரின் இரு படிகளும் இன்றும் என்னிடம் உள்ளன. மினுக்குத் தாளிற் பதித்த முதற்படியைப் பலரும் கேட்டு வாங்கிப் பார்ப்பர். கைகள் தெரியும் படியையோ எவரும் கேட்பதில்லை. ஆயினும் அவருடைய வீட்டாருக்குக் கொடுப்பதற்கு நான் தெரிந்தெடுத்தது அதன் பிரதியையேயாகும். அவர்கள் அதைக் கையில் வாங்கியதும் முதலிற் பார்த்தது முகத்தை அன்று. வலையில் அவர் இட்டிருந்த முடிச்சினை.